ஆட்சேபனைக் காலம்

சிமியோன்: இருமன் மிஸ். வந்த கையோடை எழும்பிப் போறதெண்டால் ஏன் வந்தனீர்?

ஷெரோன்: இல்லை அங்கிள்… திரும்பக் கந்தோருக்குப் போகோணும். ஒரு விசயம் சொல்லிப்போட்டு…

சிமியோன்: விசயம் எங்கை ஓடப்போகுது? இஞ்சரப்பா ஸ்ரெல்லா! ஷெரோன் மிஸ் வந்து நிக்கிறா.

ஸ்ரெல்லா: எனக்கென்ன காது செவிடே? கேத்தில் அடுப்பிலை. கட்லட்டும் சூடாக்கிறன்.

ஷெரோன்: அன்ரி, வேண்டாம்…

ஸ்ரெல்லா: வேண்டாம் எண்டு போன கிழமையும் ஓடினனீர். உம்மடை உடம்பைப் பாத்தனீரே? சோளகக் காத்துக்கு ஸ்கூட்டியோடை பறந்துபோவீர் ஒருநாளைக்கு.

சிமியோன்: ஞாயித்துக்கிழமைக் கூட்டம் கனிசியஸ் வீட்டு முத்தத்திலை. கதிரைக்குக் கோயிலிலை சொல்லியாச்சு. ஃபாதரும் ஓம் எண்டிட்டார்.

ஷெரோன்: அதைப் பற்றித்தான் அங்கிள் நான்…

சிமியோன்: கனிசியஸ் வீட்டு முத்தம்! கேட்டீரோ? உந்த ஊர்ப் பிளான் குழு தொடங்க முந்தி அவன்ரை படலையடியிலை நான் காறித் துப்பக்கூடப் போகமாட்டன்.

ஷெரோன்: தெரியும். முதல் கூட்டத்திலை ரெண்டு பேரும் முதுகைக் காட்டிக்கொண்டெல்லோ இருந்தனீங்கள்.

ஸ்ரெல்லா: முதுகைக் காட்டிக்கொண்டு இருந்து, ரெண்டு பேரும் ஒரே கதையைத்தான் கதைச்சவை. ஒழுங்கை அகலமாகோணும், ஒழுங்கை அகலமாகோணும் எண்டு.

சிமியோன்: பேந்து? கனிசியஸின்ரை மகளை, ஜெசிதாவை, பிரசவ நோவோடை நாங்கள் கதிரையோடை தூக்கிக்கொண்டு ஓடினதைக் கண்டும் ஆராவது வேண்டாம் எண்டு சொல்லுவினமே?

ஸ்ரெல்லா: அம்புலன்ஸ் பெரிய ரோட்டிலை நிண்டு ஊதிக்கொண்டு நிக்குது. உள்ளுக்கை வரேலாது. பெட்டை கத்துறாள்…

சிமியோன்: விடப்பா.

ஸ்ரெல்லா: ஆஸ்பத்திரி வாசலுக்குப் போகேக்கை வயித்துப் பிள்ளை இல்லை.

சிமியோன்: அதுதான் கனிசியஸ் தானாய் அலவாங்கைத் தூக்கினவன். ஒருத்தரும் சொல்லேல்லை. விடியப் பாத்தால் தன்ரை மதிலைத் தானே இடிச்சுக்கொண்டு நிக்கிறான். அதைப் பாத்திட்டு நான் சும்மா நிக்கேலுமே… நானும் போய் என்ரையை இடிச்சன்.

ஸ்ரெல்லா: இவர் இடிச்சாராம்! ரெண்டு குத்துக் குத்திப்போட்டு முழங்கால் நோகுது எண்டு இருந்திட்டார். மிச்சம் கனிசியஸ் அண்ணைதான் வந்து இடிச்சவர்.

ஷெரோன்: ரெண்டு பேரும் அண்டைக்குத்தான் கதைச்சனீங்களோ?

சிமியோன்: கதைக்கேல்லை. அவன் தண்ணி கேட்டான். குடுத்தன். அவ்வளவுதான்.

ஸ்ரெல்லா: அதுக்குப் பிறகு ஒழுங்கை முழுக்க இடிஞ்சுது. ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு துண்டு நிலம் விட்டினம். இப்ப லொறியே உள்ளுக்கை வருது.

ஷெரோன்: அது உங்கடை வேலை அன்ரி. பிளான் போடுற கந்தோர் அதுக்கு ஒரு கல்லுக்கூடத் தூக்கிப் போடேல்லை.

சிமியோன்: அப்பிடிச் சொல்லாதையும். நீரெல்லோ எங்களை இருத்தி வைச்சனீர். வானத்திலை இருந்து எடுத்த படம் எண்டு ஒண்டைக் கொண்டுவந்து நிலத்திலை விரிச்சனீர்…

ஸ்ரெல்லா: நான் குசினிக் கூரையைக் கண்டுபிடிச்சிட்டன். கூரையிலை காயப்போட்ட கருவாடும் தெரியுது எண்டு இவர் சொல்ல, நானும் குனிஞ்சு குனிஞ்சு பாக்கிறன். சனம் சிரிக்குது.

சிமியோன்: நம்பினாள் எல்லோ!

ஷெரோன்: கருவாடு நானும் தேடினனான் அங்கிள்.

சிமியோன்: அண்டைக்கு நீர் என்ன சொன்னனீர்? நினைவிருக்கே?

ஷெரோன்: வேண்டாம் அங்கிள்.

ஸ்ரெல்லா: "நீங்கள் சொல்லுறதுதான் பிளானிலை வரும்."

சிமியோன்: அதுக்கும் சனம் சிரிச்சது. சிரிக்காமல்? எங்களைக் கேட்டு இஞ்சை எது நடந்தது? கேட்டே சண்டைக்குள்ளை எங்களை ஊரை விட்டு எழுப்பினவங்கள்? கேட்டே திரும்ப இருத்தினவங்கள்? நீர்தான் முதல் முதல் வந்து, உங்களுக்கு என்ன வேணும் எண்டு கேட்டனீர்.

ஷெரோன்: அங்கிள்… எனக்கு மாற்றம் வந்திட்டுது. வவுனியாவுக்கு. திங்கக்கிழமை போய்ப் பொறுப்பெடுக்கோணும்.

சிமியோன்: ஓ…

ஸ்ரெல்லா: என்ன சொல்லுறீர்?

ஷெரோன்: ஓம் அன்ரி. இண்டைக்குத்தான் உங்களிட்டைக் கடைசியாய் வாறன். ஞாயிறு வரமாட்டன்.

சிமியோன்: அதுக்கே உந்த முகம்? வவுனியா என்ன லண்டனே? ரயிலிலை ஏறினால் வரலாம்.

ஸ்ரெல்லா: வவுனியாவிலை ஒரு மாப்பிள்ளை அம்பிட்டால் எங்களுக்குச் சொல்லாமல் கட்டிப்போடாதையும். இந்தாரும், குடியும்.

ஷெரோன்: வேறை ஒண்டும் இருக்கு அன்ரி. கடற்கரை வெட்டை…

சிமியோன்: வெட்டையிலை பெடியள் கோல் போஸ்ற் நட்டிட்டாங்கள்! பாக்கேல்லையோ? பழைய வள்ளத்துக் குழாயை வெட்டி ஒட்டினது. ஒரு பக்கம் கொஞ்சம் சரிவு.

ஷெரோன்: அங்கிள்…

சிமியோன்: வலை காயப்போடுற பக்கம் பந்து வரப்படாது எண்டு நடுவிலை கயிறும் கட்டியாச்சு. ஆனால் பந்துக்குக் கயிறு தெரியுமே? நேற்றும் கனிசியஸின்ரை வலைக்குள்ளைதான் கோல்.

ஷெரோன்: அங்கிள், ஒருக்கா என்னைக் கதைக்க விடுங்கோ.

ஸ்ரெல்லா: விடுங்கோவன் மனிசா. பிள்ளை சொல்லட்டும்.

சிமியோன்: நான் என்ன வாயைப் பொத்தினனானே… சொல்லும்.

ஷெரோன்: வெட்டை பிளானிலை இல்லை. நாங்கள் எல்லாரும் இருந்து படத்திலை பச்சை அடிச்சமே, வலைக்கும் பிள்ளையளுக்கும் எண்டு… மேலை கையெழுத்தான பிளானிலை அது வாகனத் தரிப்பிடம். கடற்கரை பாக்க வாற சனத்தின்ரை வான், பஸ் விடுறதுக்கு. சுத்தவரக் கம்பி வேலி. தை மாசத்திலை வேலை தொடங்குவினம்.

சிமியோன்: ம்…

ஸ்ரெல்லா: தேத்தண்ணி ஆறுது பிள்ளை.

ஷெரோன்: அன்ரி, விளங்கேல்லையோ? வெட்டை போகுது.

ஸ்ரெல்லா: விளங்குது.

ஷெரோன்: கனிசியஸ் அங்கிள் வலையை எங்கை காயப்போடுவார்?

சிமியோன்: எங்கையாவது போடுவம். மதிலிலை போடலாம்.

ஷெரோன்: மதிலைத்தான் இடிச்சாச்சே அங்கிள்.

சிமியோன்: ஓம்… அதுவும் இடிச்சாச்சு.

ஷெரோன்: அதையும் சொல்லிப்போடுறன். முதலிலை தரிப்பிடத்துக்கு வேறை இடம்தான் பாத்தவை. உங்கடை ஒழுங்கைக்குள்ளை வாகனம் வராது எண்டு இந்தப் பக்கம் திரும்பியும் பாக்கேல்லை. நீங்கள் அகலமாக்கின பிறகுதான்… "இப்ப அதாலை பஸ்ஸே போகுமே" எண்டு ஒருத்தர் சொன்னார். நான் அந்த மேசையிலை இருந்தனான்.

சிமியோன்: எங்கடை நிலத்தாலையோ?

ஷெரோன்: ஓம்.

சிமியோன்: ஜெசிதாவுக்காக விட்ட நிலத்தாலையோ?

ஷெரோன்: ஓம் அங்கிள்.

ஸ்ரெல்லா: இது… இது எங்களுக்கு…

சிமியோன்: ஸ்ரெல்லா. பொறு.

ஷெரோன்: பேசுங்கோ. ரெண்டு பேரும் ஏன் இப்பிடி இருக்கிறியள்? வெளியிலை போடி எண்டு சொல்லுங்கோ. நான் வரேக்கை அதைத்தான் நினைச்சுக்கொண்டு வந்தனான்.

சிமியோன்: உம்மைப் பேசி என்ன செய்யிறது? நீர் சின்னப்பிள்ளை. மேலை இருக்கிறவன் செய்யிறதுக்கு…

ஷெரோன்: இல்லை! நான் சின்னப்பிள்ளை இல்லை. இது நேற்றுத் தெரிஞ்ச விசயமும் இல்லை.

ஸ்ரெல்லா: என்ன?

ஷெரோன்: எனக்குப் பங்குனியிலை, பாஸ்குத் திருநாளுக்கு முன்னமே தெரியும் அன்ரி.

சிமியோன்: பாஸ்குவுக்கு முன்னமோ…

ஷெரோன்: கந்தோரிலை, குழுவளைக் குழப்பாதையும், கூட்டம் அதுபாட்டிலை நடக்கட்டும் எண்டினம். நான் உள்ளுக்கை கதைச்சு மாத்திப்போடலாம் எண்டு நினைச்சன். ஒவ்வொரு ஆளாய்ப் போய்க் கதைச்சன். இண்டைக்கு, நாளைக்கு எண்டு… ஒவ்வொரு கூட்டத்துக்கும் சொல்லுறதுக்கெண்டுதான் வாறனான். வந்தால் நீங்களும் கனிசியஸ் அங்கிளும் ஒரே வாங்கிலை இருந்து வெத்திலை போட்டுக்கொண்டு சிரிச்சுக் கதைக்கிறியள். வாய் வராது.

சிமியோன்: அப்ப அந்த மரக் கூட்டம்? வெட்டையிலை எங்கை மரம் வைக்கிறது எண்டு கேட்டனீரே. அது பாஸ்குவுக்குப் பிறகெல்லோ?

ஷெரோன்: பிறகுதான்.

சிமியோன்: ஜெசிதா வேம்பு எண்டவள். வலை தைக்கிற ஆக்களுக்கு நிழல் வேணும் எண்டு. நீர் அந்த இடத்திலை ஒரு வட்டம் கீறினனீர்.

ஷெரோன்: ஓம் அங்கிள். வட்டம் கோணிப்போச்சு. பேனை சரியில்லை எண்டு சொன்னனான்.

ஸ்ரெல்லா: நாங்களும் பேனையைத்தான் திட்டினனாங்கள்…

ஷெரோன்: அன்ரி, நீங்கள் அழாதையுங்கோ. நீங்கள் அழுதால் நான் மிச்சத்தைச் சொல்லமாட்டன்.

சிமியோன்: இன்னும் மிச்சம் இருக்கே?

ஷெரோன்: அதுதான் பெரிசு. பிளானை முடிக்கமுந்தி ஆட்சேபனைக் காலம் எண்டு ஒண்டு விடுவினம். இது எங்களுக்கு வேண்டாம் எண்டு சனம் எழுதிக் குடுக்கிறதுக்கு. குடுத்தால் கூப்பிட்டு விசாரிக்கத்தான் வேணும். விசாரிச்சு முடியுமட்டும் ஒருத்தரும் கையெழுத்து வைக்கேலாது.

சிமியோன்: ஆர் எழுதிக் குடுக்கிறது? அப்புக்காத்து வைச்சோ?

ஷெரோன்: அப்புக்காத்தும் வேண்டாம், வழக்கும் வேண்டாம். ஆரும் குடுக்கலாம். காணி உறுதி இல்லாதவையும் குடுக்கலாம்.

ஸ்ரெல்லா: நாங்களோ? நானும் எழுதலாமோ?

ஷெரோன்: ஓம் அன்ரி. நீங்களும்தான்.

சிமியோன்: எழுதினால்… நிப்பாட்டியிருப்பினமோ? மறைக்காமல் சொல்லும்.

ஷெரோன்: நிச்சயமாய் எண்டு சொல்லமாட்டன். ஆனால் வேறை ஒரு இடத்திலை கொஞ்சப் பேர் சேர்ந்து எழுதி, விசாரணைக்கு வந்து நிண்டு, ரோட்டையே மற்றப் பக்கம் திருப்பினவை. அங்கை சனத்துக்குள்ளை ஒற்றுமையும் இல்லை. இஞ்சை ஒழுங்கை முழுக்க ஒண்டாய் நிக்குது. மதிலை இடிச்ச சனம் எண்டு கந்தோரிலையே உங்களைப் பற்றிக் கதைக்கிறவை. நீங்கள் எல்லாரும் வந்து நிண்டிருந்தால்…

சிமியோன்: எப்ப முடிஞ்சது அந்தக் காலம்?

ஷெரோன்: மடு மாதாவின்ரை ஆவணித் திருவிழாவோடை.

சிமியோன்: நாங்கள் எல்லாரும் பஸ் பிடிச்சு மடுவுக்குப் போய் நிண்டம்.

ஸ்ரெல்லா: வெட்டையைக் காப்பாத்தித் தா தாயே எண்டெல்லோ நான் அங்கை முழங்காலிலை…

ஷெரோன்: என்ன அன்ரி?

ஸ்ரெல்லா: ஒண்டுமில்லை.

சிமியோன்: இப்ப எழுதினால்?

ஷெரோன்: இப்ப எடுக்கமாட்டினம் அங்கிள். கேட்டுப் பாத்திட்டன். அதுக்குப் பிறகுதான் மாற்றமும் வந்தது.

சிமியோன்: அப்ப இனி ஏலாது.

ஷெரோன்: ஏலாது.

ஸ்ரெல்லா: இஞ்சரப்பா… பிள்ளைக்குச் சொல்லுங்கோவன்.

சிமியோன்: என்னத்தை? இப்ப சொல்லி?

ஸ்ரெல்லா: அவள் எல்லாத்தையும் சொல்லிப்போட்டாள். இனியும் நாங்கள் பொத்திக்கொண்டிருந்தால்…

சிமியோன்: என்ரை வாயாலை ஏலாது ஸ்ரெல்லா.

ஷெரோன்: என்னைப் பேசுறதுக்கு ஏன் ரெண்டு பேரும் இவ்வளவு யோசிக்கிறியள்? பிழை என்னிலைதான். நான் ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். தெரியாததாலைதானே ஒருத்தரும் வாய் திறக்கேல்லை…

ஸ்ரெல்லா: தெரியும் பிள்ளை. வெட்டை போகுது எண்டு எங்களுக்குச் சித்திரையிலையே தெரியும். அளக்க வந்தவங்கள் இந்த வாசலிலை நிண்டுதான் தண்ணி வாங்கிக் குடிச்சவங்கள், அவங்கடை வாயாலைதான் கேட்டனாங்கள். எழுதிக் குடுக்கலாம், நிப்பாட்டலாம் எண்டு எங்களுக்கு ஆர் சொன்னது… இனி மாறாது எண்டுதான் நினைச்சம். அண்டைக்கே கனிசியஸ் அண்ணை வீட்டிலை ஒழுங்கை முழுக்கக் கூடினது, உம்மை மட்டும் கூப்பிடேல்லை. கந்தோர் இந்தப் பிள்ளையை ஏமாத்திப்போட்டுது, தெரிஞ்சால் உடைஞ்சுபோவாள், அவளுக்கு ஒருத்தரும் சொல்லப்படாது எண்டு… ஒருத்தர் மிச்சமில்லாமல் எல்லாரும் கையை உயர்த்தினம்.