வெள்ளைத்துரை பேர்ல திறந்த கதவு

மானேஜர்ட்டயே சொல்லுங்க சார், எனக்கென்ன பயமா? பேக்கிங் பொன்மணி உங்களை வேலை பாக்கவிடாம மறிச்சுக்கிட்டு நிக்காள்னு சொல்லுங்க. நிக்கேன்தான்.

பட்டாசு மருந்து குடோன் கதவுக்குப் புதுக் கம்ப்யூட்டர் பூட்டு மாட்ட மதுரையிலருந்து வந்திருக்கீக. பேரும் பாஸ்வேர்டும் அடிச்சா, அது விருதுநகர் ஆபீஸ் மெஷின்ட்ட போய், இது நம்ம ஆளுதானான்னு கேட்டுட்டுத் தொறக்கும். நல்ல ஏற்பாடுதான். பெறவு ஏன் ஆபீஸ்காரக பேரை மட்டும் பூட்டோட கோத்துவிடுறீக? எங்க பேரும் அதே மெஷின்லதான கிடக்கு? அதையும் சேத்துக் கோத்துவிட்டா கை தேஞ்சு போயிருமா?

லட்சுமிகாந்தம் மானேஜர் வேண்டாம்னுட்டாரா? பழையபடி போர்மேன் பேர்லயே போய்க்கிடட்டும்னாரா? சொல்வாரு சார், ஏன் சொல்லமாட்டாரு!

வெள்ளைத்துரை அண்ணாச்சிதான் எங்க போர்மேன். பழைய பூட்டுக்கு அவரு பேருதான், அவரு பாஸ்வேர்டுதான். மருந்து எடுக்கப் போற பொம்பளைக அம்புட்டுப் பேரும் அதைத்தான் அடிப்போம். தீபாவளி சீசன்ல லோடு காத்துக்கிட்டு நிக்கும்போது ஆளுக்கொரு பேரு யாரு கேட்டா? ஏட்டி, வெள்ளைத்துரை தலையில கனகாம்பரத்தைப் பாரேன்னு நாங்களே கேலி பேசிக்கிட்டுதான் திரிஞ்சோம்.

போன வருசம் குடோன் வெடிச்சிருச்சு. மெஷினைத் தட்டிப் பாத்தா, உள்ள போனது வெள்ளைத்துரைன்னு வருது. அவரு ஆமத்தூர் விலக்கு டீக்கடையில வடையும் கையுமா நிக்காரு! உள்ள செத்துக் கிடந்தது ஒரு பொம்பளைப் பிள்ளை. அது அனுமதியில்லாம தானா நுழைஞ்சிருச்சு, தீப்பிடிச்சதே அதாலதான்னு கம்பெனி சொல்லிருச்சு. அப்ப கதவைப் பேயா தொறந்துவிட்டுச்சு?

தண்ணியெல்லாம் வேண்டாம் சார். நான் ஒண்ணும் அழல, ஆத்திரம் வருது.

வேலையை விட்டு நிறுத்துவாகளா? நிறுத்தட்டுமே. அச்சங்குளத்துல கம்பெனிக்கா பஞ்சம்? வெளிய எட்டிப் பாருங்க. பஞ்சம்மா, ராக்காயி, ஒருத்தியும் இன்னைக்கு மருந்துல கை வைக்கல. ஒரு பேரை ரெண்டு பேரு அடிச்சா அது பூட்டே இல்லைன்னு காலையில நீங்கதான சொன்னீக? சொன்ன வாயாலயே மறுபடி அடுத்தவன் பேர்ல போகச் சொல்றீகளே, நல்லாவா இருக்கு?

ஆங்... கோக்குறீகளா? அப்படி வழிக்கு வாங்க. முதல்ல என் பேரைப் பாருங்க. பொன்மணி. வந்துருச்சா? பாஸ்வேர்டு நானேதான் அடிக்கணுமா? சரி, தள்ளுங்க.

ஏன் சார் முகத்தைத் திருப்பிக்கிறீக? நல்லாப் பாருங்க. ரோஜா. அதான் அடிக்கேன். வெளிய சொல்லக்கூடாதா? ஒரு வருசமா கம்பெனிதான் அந்தப் பேரை வெளிய சொல்லாம வச்சிருக்கு. நான் சொல்லுவேன். அன்னைக்கு வெள்ளைத்துரை பேரை அடிச்சுட்டு உள்ள போனவ சார். என் கூடப்பிறந்த தங்கச்சி.