ஷாஃப்ட் வாசலில் அழுதது

தங்கச் சுரங்க ஊரான ராபர்ட்சன்பேட்டையில் நான் ஏறிய பஸ்ஸில், என் முன்சீட்டுப் பெரியவர் பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிக்கொண்டு வந்தார்.

"பிரதமரைச் சுட்ட அன்னிக்கு நான் சுரங்கத்துக்குள்ள. ஒண்ணும் தெரியாது. ஷிப்ட் முடிஞ்சு கேஜ் லிப்ட்ல மேல வந்தா, சுரங்கக் குழி ஷாஃப்ட் வாசல்ல எங்க வூட்டுக்காரி கதறிக்கினு நிக்கிறா. அவ்ளோ தேசபக்தி!"

ஜன்னலோரம் இருந்த அவர் மனைவி வெடுக்கென்று திரும்பினார்.

"யோவ், பாக்குறவங்க கிட்டயெல்லாம் இதே கதையா?"

"இன்னாடி, நீ அழுவல?"

"அழுதேன். நம்ம லைன் வூடுங்கள்ல பொம்பளைங்க அத்தினி பேரும் கூடி அழுவுறாங்க. நம்ம ஊர்ல அப்பிடி அழுதா இன்னா அர்த்தம்? உள்ள பாறை சரிஞ்சிட்டுதுன்னு தானே? யாரையும் ஒரு வார்த்தை கேக்கல. செருப்புகூட போடாம ஓடியாந்தேன்."

"அப்போ பிரதமரு?"

"அந்த சேதியே வூட்டுக்குத் திரும்பின பொறவு தான்யா எனக்குத் தெரியும். நீ மேல வந்ததும் 'சோறு ஆக்கலியா'ன்னு கேட்ட. சரின்னு இத்தினி வருஷம் பொறுத்துக்கினேன். உனக்காக அழுத அழுவைய ஊரெல்லாம் நாட்டுக்குத் தூக்கிக் குடுத்துக்கினு திரியிறியே!"