மஞ்சள் டப்பா

ஐயையோ, அந்த நாற்காலியில உக்காராதீங்க சார்! நேத்து சாயங்காலம்தான் பெயிண்ட் அடிச்சேன். இந்த பெஞ்சுக்கு வாங்க. இது போன வாரத்து பெயிண்ட், பயப்படாதீங்க, கை வெச்சுப் பாருங்க. ஆங், அப்படித்தான். உங்க பேன்ட்டு கறுப்பு, நாற்காலி வெள்ளை. உக்காந்திருந்தீங்கன்னா, எங்க போயிட்டு வர்றீங்கன்னு ஆபீஸ்ல யாரும் உங்களைக் கேட்டிருக்கவே மாட்டாங்க.

என்ன கேட்டீங்க? குழந்தை பொறந்துட்டா பாடத்தை யாரு பாத்துப்பாங்கன்னுதானே? சொல்றேன் சார். அதைச் சொல்லத்தானே இங்க நிக்கிறேன். இல்லேன்னா இந்நேரம் யார் வீட்டு சுவத்துலயாவது ஏணி போட்டு ஏறியிருப்பேன். முதல்ல இங்க எப்படி நடக்குதுன்னு கண்ணால பாத்துடுங்க.

பசங்க மூணு பேரும் பின்கட்டு ரூம்ல கணக்கு போட்டுக்கிட்டு இருக்காங்க. கதவிடுக்குல மூணு கண்ணு தெரியுதா? அதைக் கண்டுக்காதீங்க. ஒரு கண்ணு பாக்கும்போது இன்னொரு கண்ணு கணக்கு போடும். பெரியவளுக்குப் பன்னெண்டு வயசு. அடுத்தவன் பத்து, அவனை வீட்ல வக்கீல்னுதான் கூப்பிடுவோம். பல்லு தேய்ச்சியாடான்னா, எந்தப் பல்லைக் கேக்குறீங்கன்னு கேப்பான். கடைசி ஏழு வயசு, டீச்சரம்மா. ஆமா சார், பட்டப்பேருதான். நீங்க பேசிப் பாத்தா நீங்களும் எழுந்து நின்னு வணக்கம் சொல்லுவீங்க.

என் வீட்டுக்காரி மேல படுத்திருக்கா. எட்டாவது மாசம் நடக்குது. படி இறங்கவே கூடாதுன்னு டாக்டரம்மா கறாரா சொல்லிட்டாங்க. அவ வேலைக்குப் போன டீச்சர் சார், உங்களுக்குத்தான் தெரியுமே, ஃபைல்ல இருக்கும். இங்கருந்து பள்ளிக்கூடத்துக்கு ரெண்டு பஸ் மாறணும். ஒண்ணு வரும், இன்னொண்ணு மனசு வெச்சா வரும். அதான் நானே வீட்ல வெச்சு சொல்லித் தர்றேன்னு உங்க கல்வி ஆபீஸ்ல எழுதிக் குடுத்து, வருஷா வருஷம் அனுமதி வாங்கிக்கிட்டு இருக்கா. இந்த வருஷம்தான் நீங்க, கைக்குழந்தையோட எப்படி முடியும், மூணு பேரையும் விடுதியில சேத்துடுங்கன்னு கடுதாசி போட்டுட்டீங்க. நீங்க போடலையா? சரி, உங்க மேலதிகாரி போட்டாரு. அந்தக் கடுதாசி வந்த அன்னைக்கு வக்கீல்கூட சாப்பிடல சார். அவன் சாப்பிடாம இருந்து நான் பாத்ததே இல்ல.

இப்ப எப்படி நடக்குதுன்னா, அவ ராத்திரியே மறுநாள் பாடத்தை தாள் தாளா எழுதி வெச்சுடுவா. யார் தாளு யாருக்குன்னு குழம்பக் கூடாதில்ல, அதுக்குத்தான் இந்த டப்பாங்க. எல்லாம் காலி பெயிண்ட் டப்பா, நல்லா கழுவி, மேல கலர் அடிச்சு வெச்சிருக்கேன். சிவப்பு பெரியவளுக்கு, நீலம் வக்கீலுக்கு, பச்சை டீச்சரம்மாவுக்கு. சுவத்துல பாருங்க, நேர அட்டவணை. மணிக்கு ஒரு கட்டம், கட்டத்துக்கு ஒரு கலர். ஒரு எழுத்து இருக்கா பாருங்க, கிடையாது. யாரு எப்ப எந்த வேலைன்னு தூரத்துலருந்தே தெரியும். பேரு ஏன் எழுதலையா? அழகுக்குத்தான் சார். பெயிண்டர் வீட்டு சுவத்துல கறுப்பா கிறுக்கி வெச்சா நல்லாவா இருக்கும்?

அது ஒண்ணுமில்ல சார், உக்காருங்க. கூரை விழாது. அவதான் மேலருந்து கம்பால தரையைத் தட்டுறா. பலகைத் தரைதானே, இங்க பேசுறது அங்க கேக்கும், அங்க தட்டுறது இங்க கேக்கும். ரெண்டு தட்டுன்னா தாளு ரெடி, வந்து எடுத்துட்டுப் போன்னு அர்த்தம். மூணு தட்டுன்னா பசங்க சத்தம் தாங்கல. நான் மேல போய் டப்பாவை எடுத்துட்டு வந்து, கலர் பாத்துக் குடுத்துட்டு, முடிச்ச தாளை வாங்கி மேல கொண்டு போவேன். ஒரு நாளைக்கு பதினெட்டு தடவை அந்தப் படியில ஏறி இறங்குறேன். இப்ப ஒரு தட்டுதானே கேட்டுச்சு? அது... அது எனக்கு. அப்புறம் சொல்றேன்.

தப்பே நடக்கலையான்னு கேட்டா, நடந்துச்சு. ஒரே ஒரு தடவை. நான் ஒரு நாள் டப்பாவை எல்லாம் படியிலயே வெச்சுட்டு தண்ணி குடிக்கப் போனேன். திரும்பி வந்து வழக்கம்போல தாளை எடுத்துக் குடுத்தேன். நல்லா முறைச்சுக்கிட்டு, ஒரு எழுத்து விடாம செய்யணும், செய்யலேன்னா மத்தியானம் சோறு கிடையாதுன்னும் சொல்லிட்டு வந்தேன். பத்து நிமிஷம் கழிச்சுப் பாத்தா ரூம் காலி. வெளிய வந்து பாத்தா மூணும் மரத்து மேல. இறங்குங்கடான்னா, முடியாதுப்பா, நீங்கதானே எழுத்து மூலமா குடுத்தீங்கங்கிறான் வக்கீல். தாளுல என்ன இருந்துச்சு தெரியுமா? இன்னைக்குப் பாடம் மரத்து மேல, மத்தியானம் வரைக்கும் யாரும் இறங்கக் கூடாதுன்னு. இந்தப் படவாவே எழுதி மூணு டப்பாவுலயும் திணிச்சிருக்கான். நான் ஏதோ அவசரத்துல படிச்சுப் பாக்காம...

கேட்டுச்சு, கேட்டுச்சுடி! ஒரு தட்டு போதும்!

சரி சார், மறைக்க முடியாது போல. ஒரு தட்டுன்னா நான் கதை விடுறேன்னு அர்த்தம். படுத்துக்கிட்டே என்னைக் கட்டி மேய்க்கிறதுக்கு அவ கண்டுபிடிச்ச வழி. நேத்து பால்காரர் வந்தப்ப நாலு தடவை அந்த ஒரு தட்டு விழுந்துச்சு.

எந்த டப்பா? ஓ, அதுவா. மஞ்சள் டப்பா. ஆமா, மூணு பசங்கதான். அது வந்து, வரப்போறதுக்கு. இப்பவே ஒண்ணு அடிச்சு வெச்சுடலாமேன்னு...

சரிடி!

திறந்து பாருங்க சார், பரவாயில்ல. நீங்க திறக்காம போக மாட்டீங்க. ஆமா, தாளு இருக்கு. ஆமா, பொறக்காத குழந்தை இவ்வளவு கோணலா எழுதாது. நீங்க கெட்டிக்காரருதான். ஒருத்தன் இருக்கான் சார். இங்க வந்து படிக்கிறான். உங்க பதிவேட்டுல அவன் பேரு இல்ல. அவனைப் பத்தி என்னைக் கேக்காதீங்க, வயித்தெரிச்சல்.

சரியான மண்டு சார் அவன். பாடம் ஆரம்பிச்சு ஏழு வாரமாச்சு. வர்ற நேரத்துக்கு வரமாட்டான், கேட்டா வேலைன்னுவான். உக்காந்தா கொட்டாவி. பேனாவைப் பிடிக்கிற பிடியைப் பாத்தீங்கன்னா, சுவத்துக்குப் பட்டி பூச வந்தவன் மாதிரி இருக்கும். ஏழு வயசுப் பொண்ணு தாளைப் பாத்து காப்பியடிக்கிறான். மாட்டிக்கிட்டு, நான் சும்மா சரி பாத்தேன்னான். டீச்சரம்மா விடுவாளா? சுவத்தைப் பாத்து நிக்க வெச்சுட்டா. நின்னானா? அந்த சுவத்துல இருந்த விரிசலைச் சொரண்டிப் பாத்துக்கிட்டு நிக்கிறான்! வீட்டுப்பாடம் செய்யலையான்னா, ஆமா, நனைஞ்சு போச்சுன்னான். எப்படி நனைஞ்சுச்சு? பெயிண்ட்ல கலக்குற டர்பன்டைன் கொட்டிருச்சாம். வயசு என்னவா? பாத்தா பெரிய ஆளு மாதிரிதான் இருப்பான்.

இப்ப எங்க இருக்கானா? இங்கதான் எங்கயோ இருப்பான், கூப்பிட்டா வரமாட்டான், வெக்கம் ஜாஸ்தி. இருங்க இருங்க, அதை ஏன் ஃபைல்ல எழுதுறீங்க? பதிவு செய்யாத பிள்ளையை வெச்சு பாடம் நடத்துறது சட்டப்படி தப்பா? அடடா. அவங்க அப்பா அம்மாவை வரச் சொல்லணுமா? அவங்க போய்ச் சேந்து ரொம்ப நாளாச்சு சார். அனாதையா? அப்படியும் சொல்லலாம், ஆனா நல்லாத்தான் சாப்பிடுறான். அவனைக் கண்டிப்பா பள்ளிக்கூடத்துல சேக்கணுமா? சேக்கலாம் சார், எனக்கென்ன? பெஞ்சு தாங்குமான்னுதான் யோசிக்கிறேன்.

கோவப்படாதீங்க. அந்தப் பாரத்தை ஏன் எங்கிட்ட நீட்டுறீங்க? நான் படிச்சுப் பாத்துட்டு, பாடத்துக்குப் பொறுப்பேத்துக்கிறேன்னு கையால எழுதணுமா? எழுதிட்டாப் போச்சு. கண்ணாடி மட்டும் மேல இருக்கு, போய் எடுத்துட்டு...

பாத்தீங்களா, இந்த தடவை எவ்வளவு வேகமா தட்டுனா!

எனக்குக் கண்ணாடியே கிடையாது சார். கண்ணு கழுகுக் கண்ணு. ஒரு கிலோமீட்டர் தள்ளி நிக்கிற வீட்டுக்கு ரெண்டு கோட் அடிச்சாங்களா, ஒரு கோட்டோட ஏமாத்திட்டாங்களான்னு சொல்லிடுவேன். பெயிண்ட் நம்பர் எல்லாம் மனப்பாடம். என் பேரை மட்டும் எழுதுவேன். எழுதுவேன்னா, படம் மாதிரி வரைஞ்சுடுவேன். மத்த எழுத்தெல்லாம் எனக்கு சுவத்துல ஒழுகுன கறை மாதிரி. டீச்சரைக் கட்டிக்கிட்டு ஆறு வருஷம் அவளுக்கே தெரியாம ஓட்டினேன்னா பாத்துக்கோங்க. தினம் காலையில அவ முன்னாடி பேப்பரை விரிச்சு வெச்சுக்கிட்டு, படத்தைப் பாத்து செய்தி சொல்லுவேன். எங்கயோ வெள்ளம்னு ஒரு நாள் சொன்னேன். அது நீச்சல் போட்டியாம்.

அந்த மண்டு நான்தான் சார். மஞ்சள் டப்பா என்னுது.

மரத்து விஷயத்துல பசங்க கண்டுபிடிச்சுட்டாங்க. வக்கீலுக்கு ரொம்ப நாளாவே சந்தேகமாம், அதுக்குத்தான் அந்தத் தாளு. நான் படிச்சிருந்தா திட்டியிருப்பேனாம், திட்டாம முறைச்சதுலயே புரிஞ்சு போச்சாம். மறுநாள் காலையில பாக்குறேன், படியில நாலாவதா ஒரு டப்பா. டீச்சரம்மாவே அடிச்ச மஞ்சள். கலவையே சரியில்ல, பிரஷ் கோடு கோடா தெரியுது பாருங்க. உள்ள ஒரு தாளு, அதுல அ, ஆ. அதுலருந்து சாயங்காலம் ஆறு மணிக்கு என் வகுப்பு. நேர அட்டவணையில கடைசிக் கட்டம் மஞ்சளா இருக்கே, கவனிக்கலையா?

இத்தனை வருஷம் படிக்காதவன் இப்ப எதுக்குன்னு கேக்குறீங்க. அவளும் அதேதான் கேட்டா. டீச்சரம்மா பொறந்த அன்னைக்கு ஆஸ்பத்திரியில நர்ஸு வந்து என் கையில ஒரு தாளைக் குடுத்து, படிச்சுப் பாத்து சீக்கிரம் கையெழுத்து போடுங்கன்னுட்டு உள்ள ஓடிட்டாங்க. நான் தாளைப் பாக்குறேன். என்ன எழுதியிருக்கோ. அவ செத்துட்டாளோ, குழந்தை செத்துடுச்சோ, இல்ல சோப்பு பவுடர் வாங்கிட்டு வரச் சொல்றாங்களோ, எனக்கு எப்படித் தெரியும்? பக்கத்துல ஒருத்தர் நின்னாரு. நல்ல சட்டை, சட்டைப் பையில பேனா. அண்ணே, கண்ணாடி எடுத்துட்டு வரல, கொஞ்சம் படிச்சு சொல்லுங்களேன்னேன். அவரும் வாங்கி திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, தம்பி, என் கண்ணாடியும் வீட்லயே இருக்குன்னாரு. ரெண்டு பேரும் அந்தத் தாளை ஆளுக்கு ஒரு ஓரமாப் பிடிச்சுக்கிட்டு நின்னோம் சார். கால் மணி நேரம். அப்புறம் டாக்டரே வெளிய வந்து கத்துனாரு, ஆபரேஷனுக்கு சம்மதம் கேட்டு எவ்வளவு நேரமாச்சு, உங்க கையெழுத்துக்காகத்தான் உள்ள கத்தியை வெச்சுக்கிட்டு நிக்கிறோம்னு.

பொழைச்சுட்டா. ரெண்டு பேரும் பொழைச்சுட்டாங்க. அவளுக்கு விஷயம் தெரிஞ்சதும் அன்னைக்குத்தான். படிங்க படிங்கன்னு சொல்லிக்கிட்டேதான் இருந்தா. நான்தான் வேலை இருக்கு, வேலை இருக்குன்னு ஏணி மேலயே காலத்தை ஓட்டிட்டேன். இப்ப இன்னும் அஞ்சு வாரம் இருக்கு. இந்த தடவையும் அந்தத் தாளு வரும். நான் நின்னுக்கிட்டு முழிக்கக் கூடாது, அவ்வளவுதான்.

கவனிச்சீங்களா? இவ்வளவு நேரம் பேசுறேன், மேல சத்தமே இல்ல.

பசங்க பாடத்துக்கு யாரு பொறுப்புன்னு கேட்டீங்கல்ல? அவ எழுதுவா, பெரியவ சின்னதைப் பாத்துப்பா, சின்னது என்னைப் பாத்துக்கும், வக்கீல் எங்க எல்லார் மேலயும் குத்தம் கண்டுபிடிப்பான். நான் டப்பா தூக்குவேன், இனிமே படிச்சுப் பாத்துட்டுத் தூக்குவேன். இதுக்கு மேல எந்த விடுதியில சார் ஆளு இருக்கு?

குடுங்க அந்தப் பாரத்தை. விரல் வெச்சுத்தான் படிப்பேன், சிரிக்கக் கூடாது. கதவுக்குப் பின்னாடி இருக்கிற மூணும் சேந்துதான், யாரும் சொல்லித் தரக் கூடாது. இ... இந்த... வீ... வீட்டில்... ப... படி... படிப்பவர்கள்... எத்... எத்தனை... பேர்.

மூணுன்னு போடட்டுமா சார், நாலுன்னு போடட்டுமா?