‘ஏழாவது கட்டில்’ நாவலை ஐம்பத்தேழு நாள் வைத்திருந்து அனுப்பிய தபாலதிபர் திருமதி மெற்றில்டா பேர்னாட் அவர்களுக்கு

முத்திரைக்கும் முகவரிக்கும் முப்பத்தேழு ஆண்டுகள் முகம் சுளிக்காது பணிபுரிந்த மூத்த தோழியே! கொட்டாஞ்சேனையில் பிறந்து, கொழும்பு முழுவதன் கடிதங்களையும் கைவழி கடத்திய கடமைச் செல்வியே! வரிசையில் நின்றவரை வாடவிடாத வாஞ்சையே, பிழையாக எழுதிய முகவரியையும் பிழைக்க வைத்த பேரறிவே! எங்கள் தபாலதிபர், திருமதி மெற்றில்டா பேர்னாட் அம்மையார் அவர்களே! அறுபது வயதில் ஓய்வு பெறும் தங்கள் திருமுன் இந்தப் பிரியாவிடை மடலைப் பணிவோடு வைக்கிறோம்.

இவ்வளவுக்கே தாங்கள் கதிரையைப் பின்னால் தள்ளத் தொடங்கியிருப்பீர்கள். போன மாதமே எங்களைக் கூப்பிட்டு எச்சரித்துவிட்டீர்கள். “முகத்துக்கு நேர ‘தாங்கள், தங்கள்’ எண்டு புகழ்ந்தா நான் எழும்பிப் போயிருவேன். சொல்றதெண்டா நடந்ததைச் சொல்லுங்க. அந்தக் கடிதத்தை நான் வெச்சிருந்ததையும் சேர்த்துச் சொல்லுங்க.” இது மேலதிகாரியின் கடைசிக் கட்டளை, மீற எங்களுக்குத் துணிவில்லை. ஆகவே இனி இம்மடலில் தாங்கள் ‘அவர்’. அடுத்த வீட்டாரைப் பற்றிய கதை போலக் கேட்டுக்கொண்டிருங்கள்.

அவர் 1988இல் முத்திரை விற்கும் கவுண்டரில் வந்து உட்கார்ந்தவர். தொண்ணூறுகளில் வெள்ளவத்தை லொட்ஜுகள் எல்லாம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த சனத்தால் நிரம்பியிருந்தபோது, கனடாவிலிருந்தும் சுவிஸிலிருந்தும் வந்த கடிதங்களில் பாதி பழைய முகவரிகளுக்கே வந்தன. ஆட்கள் லொட்ஜ் மாறிக்கொண்டே இருந்தார்கள். பெரும்பாலான உறைகளில் ஆளின் பெயருக்குக் கீழே ‘மே/பா’ என்று போட்டு, அறை கொடுத்தவரின் பெயரோ கடைக்காரரின் பெயரோ இருக்கும். அவர்களைத் தேடிப் பிடிப்பதில் அவருக்கு இணை ஒருவரும் இல்லை. புதிதாக வேலைக்கு வரும் ஒவ்வொருவருக்கும் அவர் ஒன்றையே சொல்லுவார்: மேலே பெயர் உள்ளவருடையதுதான் கடிதம், மே/பா என்று கீழே இருப்பவர் வாங்கிக் கொடுக்கிற கை மட்டுமே. இதை எத்தனை தரம் கேட்டிருப்போம் என்று எங்களுக்கே கணக்கில்லை.

அப்படிப்பட்டவர் ஒரு கடிதத்தை வைத்திருந்த கதைதான் இது. அதற்கு முன் ஒரு நாவலைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஊரடங்கு போட்ட 2020இல் வெள்ளவத்தை நாகேஸ்வரி ரீச்சர் ஒரு வாசகர் வட்டம் தொடங்கினார். ஒரே புத்தகம், பன்னிரண்டு வாசகர்கள். அட்டையின் உட்புறத்தில் பெயர்களும் முகவரிகளும் வரிசையாக ஒட்டப்பட்டிருக்கும். வாசித்தவர் தன் பெயரைக் கோடு போட்டு வெட்டிவிட்டு, பதினான்கு நாளுக்குள் அடுத்தவருக்குப் பதிவுத் தபாலில் அனுப்ப வேண்டும். புத்தகத்தின் பக்கங்களில் பேனா படக்கூடாது. சொல்ல வேண்டியதைக் கூடவே வரும் நாற்பது பக்கக் கொப்பியில் ஒரு வரியாவது எழுத வேண்டும். ஊரடங்கு எடுத்த பிறகும் வட்டம் நிற்கவில்லை. லைற் பில்லும் தண்ணீர் பில்லும் தவிர வேறு ஏதாவது தபாலில் வருவது ஹெவ்லொக் டவுனிலும் நுகேகொடையிலும் இருந்தவர்களுக்குப் பிடித்துப்போயிற்று. முதல் பொதிக்கு முத்திரை குத்தியவர், நாங்கள் ‘மிஸ்’ என்று கூப்பிடும் எங்கள் தபாலதிபர்தான். உள்ளே என்ன என்று சட்டப்படி கேட்டார், பதிலைக் கேட்டதும் தன் பெயரையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னார்.

2023 மாசியில் சுற்றுக்கு வந்த நாவல் ‘ஏழாவது கட்டில்’. பெற்றவர் இருந்தும் பார்க்க முடியாமல் போனதால், நீதிமன்றம் பிற வீடுகளில் வளரவிட்ட ஒரு பெண்பிள்ளையின் கதை அது. வீட்டுக்கொரு கட்டிலாக ஏழாவது கட்டிலுக்கு வந்து சேர்கிறாள். வரிசையில் ஐந்தாம் பெயர் எங்கள் மிஸ். மாசி முதலாம் திகதி புத்தகம் அவர் கைக்கு வந்தது.

அப்படி ஒரு பிள்ளை அவர் வீட்டிலேயே இருந்தது எங்களுக்குத் தெரியும். பெயர் டெனிஷா. தன் பெயரைச் சொல்லலாம் என்று அவரே சம்மதம் தந்திருக்கிறார். தாய் நிலூஷா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனவர். அடுத்த வருடமே அவரிடமிருந்து தகவல் நின்றுபோனது. பார்த்துக்கொள்ள ஆளில்லாத பிள்ளை ஒரு சிறுவர் இல்லத்துக்குப் போனது. சனிக்கிழமைகளில் அந்த இல்லத்து மேற்பார்வையாளர் தபாலகத்துக்கு வரும்போது பிள்ளையும் கூட வரும். கவுண்டரின் உயரம் எட்டாது. எட்டிப் பிடித்துக்கொண்டு, குவைத்திலிருந்து தனக்குக் கடிதம் வந்ததா என்று கேட்கும். மிஸ் ஒவ்வொரு சனியும் கடிதக் கட்டைப் பிரித்து, உண்மையாகவே தேடிப் பார்த்துவிட்டு இல்லை என்பார். எட்டு மாதம் அப்படிச் சொன்ன பிறகு, அவரும் துறைமுகத்தில் கிறேன் ஓட்டிய கணவர் பேர்னாட்டும் நீதிமன்றத்துக்குப் போய், பிள்ளையைத் தங்கள் வீட்டில் வளர்க்க உத்தரவு வாங்கினார்கள். அது 2013, டெனிஷாவுக்கு ஏழு வயது.

தத்தெடுத்தது அல்ல. தாய் திரும்பி வந்து கேட்டால் பிள்ளையைக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் பதினெட்டு வயதுவரை வளர்க்கலாம். கையெழுத்துப் போடும்போது அது ஒரு வரி, அவ்வளவுதான். இரண்டு வருடம், ஒவ்வொரு பின்னேரமும் மிஸ் செருப்பைக் கழற்றும்போதே டெனிஷா கடிதம் வந்ததா என்று கேட்டாள். ஒன்பது வயதில் கேட்பதை விட்டுவிட்டாள். அன்று தனக்கு நிம்மதியாக இருந்தது என்று மிஸ் பிறகு கொப்பியில் எழுதியிருந்தார். இதை எழுத எவ்வளவு மனத்துணிவு வேண்டும் என்று வாசித்த எங்களுக்குத் தெரியும்.

நாவல் வந்து ஒன்பதாம் நாள் அந்தக் கடிதம் வந்தது. குவைத்திலிருந்து அல்ல, கொழும்புக்குப் பக்கத்திலேயே உள்ள களுபோவிலவில் இருந்து. உறையின் முன்பக்கம் ‘டெனிஷா, மே/பா மெற்றில்டா பேர்னாட்’ என்றும் எங்கள் தபாலக முகவரியும். பின்பக்கம் நிலூஷாவின் பெயர். கடிதங்களைத் தரம் பிரித்த எங்கள் சக ஊழியர் மர்ஸூக்தான் அதை மிஸ்ஸின் மேசையில் வைத்தவர்.

அவர் உறையைத் திறக்கவில்லை, கிழிக்கவில்லை, வீட்டுக்கும் கொண்டு போகவில்லை. தபால் பகுதியில் முப்பத்தைந்து வருடம் இருந்த ஒருவருக்கு மட்டுமே தோன்றக்கூடிய பிழையைச் செய்தார். கவுண்டருக்குப் பின்னால் எங்களிடம் ஒரு தட்டு இருக்கிறது. நிலையான முகவரி இல்லாதவர்கள் வந்து கேட்டால் கொடுப்பதற்கான கடிதங்கள் அதில் இருக்கும். ஒரு மாதத்துக்குள் ஒருவரும் வந்து கேட்காவிட்டால் அனுப்பியவருக்கே திருப்பி அனுப்பிவிடுவோம். கடிதம் தபாலக முகவரிக்குத்தானே வந்திருக்கிறது என்று தனக்குத்தானே ஒரு நியாயம் சொல்லி, பின்பக்கத்தில் திகதி முத்திரையும் குத்தி, அதை அந்தத் தட்டில் வைத்தார். எல்லாம் விதிப்படி. வந்து கேட்க வேண்டியவள் கேட்பதை விட்டு எட்டு வருடம் ஆகியிருந்தது.

மர்ஸூக் தினமும் அந்தத் தட்டைத் துடைப்பவர். தினமும் அந்த உறையை எடுத்து, துடைத்து, அதே இடத்தில் வைத்தார். எங்களில் சிலரும் பார்த்தோம், ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் குற்றத்தில் எங்களுக்கும் பங்கு உண்டு என்பதை இந்த மேடையிலேயே ஒப்புக்கொள்கிறோம்.

இதற்கிடையில் நாவல் 211ஆம் பக்கத்தில் நின்றுவிட்டது. அந்தப் பக்கத்தில் ஏழாவது வீட்டு அன்ரியிடம் அந்தப் பிள்ளை தனக்குக் கடிதம் வந்ததா என்று கேட்கிறாள். அன்ரி இல்லை என்கிறாள். நாவலில் அது உண்மை, கடிதம் வரவேயில்லை. எங்கள் மிஸ்ஸால் அந்த ‘இல்லை’யைத் தாண்டி அடுத்த பக்கத்துக்குப் போக முடியவில்லை. பஸ்ஸில் திறப்பார், மூடுவார். மதியச் சாப்பாட்டுக்கு முன் திறப்பார், சாப்பிடாமலே மூடுவார். பதினான்கு நாள் தவணை கடந்ததும் நாகேஸ்வரி ரீச்சரிடமிருந்து தபாலட்டை ஒன்று வந்தது. நலம் விசாரித்து, புத்தகம் கிடைத்ததா என்று மெதுவாகக் கேட்டிருந்தார். இரண்டாவது அட்டை சிவப்பு மையில் வந்தது. தபாலதிபரின் கையிலேயே தபால் தாமதமானால் நாங்கள் யாரிடம் போய் முறையிடுவது என்று அதில் இருந்தது. தபாலட்டைக்கு உறை கிடையாது என்பதால் அதை அலுவலகம் முழுவதும் வாசித்தோம். சிரித்தோம் என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

கடிதம் வந்த இருபத்தொன்பதாம் நாள் வேலை முடிந்து புறப்படும்போது அவர் தட்டிலிருந்து கடிதத்தை எடுத்துக் கைப்பையில் வைத்தார். அடுத்த நாள் அது களுபோவிலவுக்குத் திரும்பியிருக்கும். இரண்டு பஸ் ஏறி வீட்டுக்குப் போனார். டெனிஷா உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். அவர் செருப்பைக் கூடக் கழற்றவில்லை.

“இது உனக்கு வந்தது. இருபத்தொம்பது நாளா நான் வெச்சிருந்தேன். உன்னைக் கூட்டிட்டுப் போயிருவாங்க எண்ட பயத்தில வெச்சிருந்தேன்.”

டெனிஷா கடிதத்தை வாசித்தாள். வாசித்து முடித்து, மடித்து, மறுபடியும் வாசித்தாள். பிறகு ஒரேயொரு கேள்வி கேட்டாள்.

“இதுக்கு நான் பதில் எழுதினா முத்திரை குத்தி அனுப்புவீங்களா அன்ரி, இல்ல அதையும் அந்தத் தட்டில வெச்சிருவீங்களா?”

அதிலிருந்து ஐந்தாம் நாள் டெனிஷா ஒட்டிய உறையொன்றை மிஸ்ஸின் கைப்பைக்கு மேல் வைத்துவிட்டுப் பாடசாலைக்குப் போனாள். மிஸ் அதைப் பதிவுத் தபாலாக அனுப்பினார். சாதாரணத் தபாலில் போட அவருக்கு மனம் வரவில்லை. பற்றுச்சீட்டைக் கொண்டுபோய் மகளின் மேசையில் வைத்தார். மகள் என்றுதான் எழுதுகிறோம், இந்த மண்டபத்தில் யாரும் அதை மறுக்கப் போவதில்லை.

அன்றே டெனிஷா நாவலையும் எடுத்துக்கொண்டாள். பதினைந்து நாள் வாசித்தாள். வட்டத்தில் சேராதவர் வாசிக்கக்கூடாது என்பது விதி. அவள் உள்ளட்டையில் ஐந்தாம் பெயருக்கும் ஆறாம் பெயருக்கும் இடையில் தன் பெயரைச் சின்னதாக எழுதி, தானே அதை வெட்டியும் விட்டாள். புத்தகம் ஐம்பத்தேழாம் நாள் அடுத்த வாசகருக்குப் போனது. கூடப் போன கொப்பியில், எல்லோரும் இரண்டு மூன்று வரி எழுதும் இடத்தில், மிஸ் ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தார். இதுவரை நாங்கள் சொன்ன எல்லாம் அதில் இருந்தது. தன் குற்றத்தைத் தன் கையாலேயே எழுதி, தன் கையாலேயே முத்திரை குத்தி, ஏழு வீடுகளுக்குச் சுற்றவிட்ட அதிகாரி இவர் ஒருவராகத்தான் இருப்பார். சுற்று முடிந்து புத்தகத்தைக் கையில் எடுத்த நாகேஸ்வரி ரீச்சர், நடுவில் நுழைந்திருந்த பெயரைக் கண்டார். அடுத்த புத்தகத்தின் பட்டியலில் அந்தப் பெயரையும் அச்சிட்டு ஒட்டினார்.

தாயும் மகளும் சந்தித்தார்கள். முதலாளி கடவுச்சீட்டைப் பிடுங்கி வைத்துக்கொண்டதால் வர முடியாமல் போன வருடங்களைப் பற்றியும், வந்தபின் சிறுவர் இல்லத்தில் விசாரித்து முகவரி அறிந்ததைப் பற்றியும் நிலூஷா சொன்னார். அந்த வருடம் கார்த்திகையில் டெனிஷாவுக்குப் பதினெட்டு வயது முடிந்தது. அடுத்த ஞாயிறு இரண்டு பெட்டியோடு களுபோவிலவுக்குப் போய்விட்டாள். மிஸ் பயந்தது அப்படியே நடந்தது. திங்கட்கிழமை வேலைக்கு வந்தார், எல்லாக் கடிதக் கட்டுகளையும் தானே பிரித்தார். எங்களுக்கு அழுகை வந்தது. அவருக்கு வரவில்லை, அல்லது எங்கள் முன்னால் வரவில்லை.

இப்போது கடைசிச் செய்தி. போன மாதம் சிறுவர் பராமரிப்பு அதிகாரி ஒருவர் மிஸ்ஸைத் தேடி வந்தார். ஆறு வயதுப் பிள்ளை ஒன்றுக்கு வீடு தேவை. பெயரை நாங்கள் சொல்லக்கூடாது, சொல்லமாட்டோம். மிஸ் உடனே ஓம் சொல்லவில்லை. ஒரு கடிதத்தைத் தான் வைத்திருந்த கதையை முழுவதும் சொல்லி, அப்படிப்பட்டவரிடம் இன்னொரு பிள்ளையை விடலாமா என்று தானே கேட்டார். அதிகாரி, அந்தக் கடிதம் யாருடையதோ அவரிடமே நற்சான்று வாங்கி வரச் சொன்னார். அந்த ஒரு தாளுக்காக மிஸ் இரண்டு கிழமை நித்திரை கொள்ளவில்லை. மகளிடம் அதைக் கேட்க அவருக்கு வாய் வரவில்லை, கடிதம் எழுதித்தான் கேட்டார். பதில் எங்கள் தபாலகத்துக்கே வந்தது. முதல் வரிசையில் தாய் நிலூஷாவோடு அமர்ந்திருக்கும் டெனிஷாவின் அனுமதியோடு அதை இங்கே வாசிக்கிறோம்:

“நான் பத்து வருடமும் பத்து மாதமும் இவருடைய வீட்டில் வளர்ந்தேன். என் அம்மாவின் முதல் கடிதத்தை இவர் இருபத்தொன்பது நாள் வைத்திருந்தார். பிறகு தானாகவே கொண்டுவந்து தந்தார். தந்தால் நான் போய்விடுவேன் என்று தெரிந்துதான் தந்தார். இவரை நம்பிப் பிள்ளையை விடலாம். திருப்பிக் கேட்டால் கொடுப்பார்.”

அம்மையீர்! இனி மறுபடியும் ‘தாங்கள்’. நாளை மறுநாள் திங்கட்கிழமை தாங்கள் இங்கே வரப்போவதில்லை, தங்கள் வீட்டுக்கு ஒருவர் வரப்போகிறார். அவருக்குப் பதினெட்டு வயதாக இன்னும் பன்னிரண்டு வருடம் இருக்கிறது. ஆகவே எழுபத்திரண்டு வயதுவரை தாங்கள் நோய் நொடி என்று படுக்க இந்த அலுவலகம் அனுமதி வழங்கவில்லை. அதற்கு மேல் வாழும் ஒவ்வொரு வருடமும் தங்களுக்கே உரியது. அதை யாரும் திருப்பிக் கேட்கமாட்டார்கள்.

இங்ஙனம்,
தங்கள் கட்டளைக்குக் கடைசி முறையாகக் கீழ்ப்படிந்த
தபாலக ஊழியர்கள்,
கொழும்பு