மகன் வாங்கிவைத்த டிக்கெட்

கொழும்பு வெள்ளவத்தையில் பஸ் ஏறிய இரண்டு பெண்கள் எனக்கு முன் இருக்கையில் உட்கார்ந்தார்கள். தலை நரைத்தவர் சொன்னார்:

“சனிக்கிழமை ஹெவி மெட்டல் கச்சேரிக்குப் போனனான்.”

“நீங்களோ அக்கா?”

“மகன் சாகிறதுக்கு முதல் டிக்கெட் வாங்கி வச்சவன். வீணாக்க மனமில்லை.”

“அந்தச் சத்தத்துக்குள்ள எப்பிடி நிண்டனீங்கள்?”

“காதுக்குப் பஞ்சு வச்சனான். மேடையில பாடின ஒரு பேண்டையும் எனக்குத் தெரியாது. அவனும் தெரியாத பேண்டுகளைக் கேக்கத்தான் போறவன். ஒண்டு பிடிச்சா, நான் சமைக்கேக்க குசினிக்குள்ள வந்து நிண்டு சொல்லுவான். நான் காதிலயே விழுத்துறேல்லை.”

தலை நரைத்தவரே தொடர்ந்தார்:

“அஞ்சாவதா ஒரு பெட்டை பாடினாள். கத்துறாள்தான், ஆனா எனக்குப் பிடிச்சுப்போச்சு. வீட்டை வந்து, சொல்லுவமெண்டு அவன்ர அறைக்கதவைத் தட்டிப்போட்டன்.”