ஸ்ம்ருதியின் பெயர்

குளவி என்றதும் எல்லாரும் கொட்டுமா என்றுதான் முதலில் கேட்கிறார்கள். நீங்களும் அதையே கேட்டீர்கள், இன்ஸ்பெக்டர் மேடம். நான் ஆராய்கிற குளவிகள் கொட்டாது. கடுகில் பாதிகூட இருக்காது. சிலந்தியின் முட்டைக்குள் தன் முட்டையை வைத்துவிட்டுப் போய்விடும். அதன் புழு உள்ளே இருப்பதைத் தின்று வளர்ந்து, குளவியாகித் துளைத்துக்கொண்டு வெளியே வரும். அதுவரை பார்க்கிறவர்களுக்கு முட்டை முழுசாகத்தான் தெரியும்.

பொத்தேரிப் பக்கம் ஒரு கல்லூரியில் பூச்சியியல் பேராசிரியராக இருக்கிறேன். என் ஒரே மகள் ஸ்ம்ருதி பத்தாவது படிக்கும்போது டெங்குவில் போனாள். அடுத்த மழைக்காலத்தில் பள்ளிக்கரணைச் சதுப்பில் இறக்கையுள்ள ஒரு புதுக் குளவி கிடைத்தது. அதற்கு அவள் பெயரை வைத்தேன். எந்த நாட்டுக்காரன் அதைப் பற்றி எழுதினாலும் என் பெண்ணின் பெயரை எழுதியாக வேண்டும். அந்தக் கட்டுரையின் முதல் பக்கத்தை என் மனைவி சுந்தரவல்லி கண்ணாடிச் சட்டம் போட்டு ஹாலில் மாட்டியிருக்கிறாள்.

ஜெரூஷா என்னிடம் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தவள். செம்பாக்கத்துப் பெண். நல்ல கண் அவளுக்கு. போன மாதம் ஒரு கண்ணாடிக் குழாயைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தாள்.

"சார், ஒரே முட்டைப் பையிலேர்ந்து ரெண்டும் வந்திருக்கு. உங்க ஸ்ம்ருதி புது இனம் இல்ல சார். ஆம்பள. இறக்கை இல்லாத இதுதான் பொம்பள. இதுக்கு ரொம்ப முன்னாடியே பேர் வச்சிட்டாங்க."

லென்ஸில் பார்த்தேன். சரியாகத்தான் சொன்னாள். எங்கள் துறையில் முதலில் வைத்த பெயர்தான் நிற்கும். பின்னால் வைத்தது செல்லாது.

"நீங்களே திருத்தி எழுதிடுங்க சார். உங்க பேரே முதல்ல இருக்கட்டும். வேற யாராவது சொன்னா உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்ல."

அவ்வளவு மரியாதை. கொஞ்ச நாள் போகட்டும் என்றேன். மாநாட்டில் சொல்லிவிடலாம் சார் என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

நீங்கள் விசாரிக்கிற அந்த நாள் காலை சதுப்பில் பூச்சி பிடிக்க வைத்திருந்த மஞ்சள் தட்டுகளை எடுக்கப் போனோம். நல்ல மழை பெய்து விட்டிருந்தது. சுற்றியுள்ள ஏரிகளின் உபரித் தண்ணீரெல்லாம் அங்கேதான் வந்து சேரும். ஏறிக்கொண்டிருந்தது. எனக்கு அது தெரியும். கோரைக்கு நடுவே இறங்கியவளுக்கு இடுப்புவரை சேறு பிடித்துக்கொண்டது.

"சார், கால் மாட்டிக்கிச்சு. வலைக் கம்பை நீட்டுங்க சார்."

கம்பு என் கையில்தான் இருந்தது. அதில் சேறே இல்லையே என்று கேட்டீர்கள். சரியான கேள்வி. நான் நீட்டவில்லை.

"அசையாதேம்மா, அசைஞ்சா இன்னும் உள்ள இழுக்கும். ஆளைக் கூட்டிண்டு வரேன்" என்றேன். சேற்றில் அதுதான் சரியான யோசனை. அவளும் நம்பி அப்படியே நின்றாள்.

காருக்குப் போய் உட்கார்ந்தேன். யாரையும் கூப்பிடவில்லை. போன் சட்டைப்பையிலேயே இருந்தது. முதலில் சார், சார் என்று கூப்பிட்டாள். பிறகு அப்பா என்று. மழை மறுபடி பிடித்ததும் கண்ணாடியை ஏற்றிவிட்டேன். திரும்பிப் போய்ப் பார்த்தபோது கோரைதான் தெரிந்தது. வரும் வழியில் கல்லூரியில் இறங்கி, அந்தக் குழாயைத் தொட்டியில் கழுவிக் கவிழ்த்தேன்.

ஜெரூஷா மேல் எனக்குக் கோபமே கிடையாது. அவளைத் தள்ளவும் இல்லை, தொடவும் இல்லை. ஆனால் ஸ்ம்ருதியை ஒரு தரம் இழந்தவன் நான். இன்னொரு தரம் எப்படி விடுவேன்?

வெளியே பெஞ்சில் அவள் அப்பா ஜெபசீலன் உட்கார்ந்திருக்கிறார் என்று கான்ஸ்டபிள் சொன்னார். அவரோடு ஐந்து நிமிஷம் பேச விடுங்கள், மேடம். பெண்ணைப் பறிகொடுத்தவர். நான் செய்தது அவருக்குப் புரியும்.