இரண்டாம் முடுக்கு

இரட்டைச் சக்கர பிக்கப் வைத்திருக்கிற யாரைக் கேட்டாலும் முதலில் கல்லைப் பற்றித்தான் புலம்புவார்கள். பின்னால் ஒரு பக்கத்துக்கு இரண்டு டயர் ஒட்டினாற்போல நிற்கும். நடுவில் ஒரு கல் போய் மாட்டிக்கொண்டால் கடப்பாறை போட்டு நெம்பினால்தான் வரும். மழை பெய்துவிட்டால் நம் பக்கத்துக் களிமண் கல்லைவிட மோசம். உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஹால்வர்சன். இப்போது நெடுஞ்சாலைப் போலீஸ் என்றாலும் நீங்களும் கிழக்கு மொன்டானாவில் வளர்ந்த பிள்ளைதானே. உங்கள் அப்பா வண்டிக்கு டயர் போட்டதே நான்தான்.

அதனால் பின்னால் இருக்கிற நாலையும் கழற்றிவிட்டு, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டை மாட்டித் தரச் சொல்லி என் கடைக்கு வருகிறவர்கள் உண்டு. அதில் தப்பு எதுவும் இல்லை. இதைக் கேட்கிறவர்கள் வேலையையே பழிக்கக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். பெரிய பாரம் இழுக்கிறவனுக்கு லாரி டயர் போல அகலமாகக் கனத்த டயர் போட வேண்டும். அது ஒன்றே இரண்டின் சுமையைத் தாங்கும். ஆனால் உட்கார்ந்து போகிறவன் இடுப்பைக் கழற்றிவிடும். பாரம் இழுக்காதவனுக்குச் சாதாரண பிக்கப் டயரே போதும். அதையும் மாட்டித் தருவேன். மாட்டும்போதே, இனிமேல் பெரிய டிரெய்லரைத் தொடாதே என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவேன். என் மகன் டெவ்லினிடம் மட்டும் சொல்லவில்லை.

என் மனைவி மார்வா இறந்துபோன பிறகு வீட்டில் நானும் அவனும்தான். கடையிலும் நாங்கள் இரண்டு பேர்தான். காலையில் அவன் முட்டை பொரிப்பான், நான் காபி போடுவேன். ஒரு வார்த்தை பேசாமல் ஒரு நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டுத் திரும்புவோம். அதில் எனக்கு ஒரு குறையும் தெரிந்ததில்லை. பிறகு அவனைக் கட்டிக்கொண்டு ட்ரெஸ்ஸா வந்தாள். நல்ல பெண். ஒரேகான் கடற்கரையில் பிறந்தவள். எங்கள் ஊர்க் காற்றைப் பார்த்து, “இங்க துணி காயப்போட்டா பக்கத்து ஊர்ல போய்த்தான் எடுக்கணும் போல, மாமா” என்று சிரிப்பாள். எனக்கு அவளைப் பிடிக்கும். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

வசந்தத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் சொன்னார்கள். அவள் அண்ணன் படகு கட்டும் பட்டறையில் இவனுக்கு வேலை பார்த்து வைத்திருக்கிறானாம். குழந்தையும் உண்டாகியிருக்கிறதாம். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னான்.

“ஆகஸ்ட்ல கிளம்புறோம்ப்பா.”

“உருளைக்கிழங்கை இப்படித் தள்ளு” என்றேன்.

வேறு என்ன சொல்வது? போகாதே என்று சொல்லத் தெரியாத வீட்டில் பிறந்தவன் நான். என் அப்பா என்னிடம் எதையும் கேட்டதில்லை. நானும் இவனிடம் கேட்டதில்லை. கேட்டால் வயசான காலத்தில் கெஞ்சுகிறான் என்று ஆகிவிடும். அன்று சாப்பிட்டு முடித்துத் தட்டுகளைக் கழுவினேன்.

டயரை மாற்றச் சொன்னது அவன்தான். நான் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அங்கே அவர்கள் பார்த்திருந்த வீட்டுக்குக் குறுகலான வழி. இவன் வண்டியின் பின்பக்க மட்கார்டு இரண்டு பக்கமும் கேட்டில் உரசுமாம். “உங்க பையன் வண்டிக்கு இடுப்பு பெருசு, மாமா. கொஞ்சம் இளைக்க வைங்க” என்றாள் ட்ரெஸ்ஸா. அந்த வாரமே வண்டியை ஏற்றி, நாலையும் கழற்றி, சாமான் ஏற்றும் பின்பக்கத் தொட்டியையும் ஒடுக்கமானதாக மாற்றினேன். கடையில் கனத்த டயரும் இருந்தது, சாதாரண டயரும் இருந்தது. சாதாரண டயரை எடுத்தேன்.

அவன் குனிந்து பார்த்தான். டயர் பக்கவாட்டில் எவ்வளவு எடை தாங்கும் என்று அச்சடித்திருக்கும். அவனும் அந்தத் தொழில்தான், அவனுக்குப் படிக்கத் தெரியும். ஆனால் அப்பன் மாட்டிய டயரை எவன் படித்துப் பார்ப்பான்?

“சாமானோட டிராக்டரையும் ஏத்தணும். தாங்குமாப்பா?”

“தாங்கும்” என்றேன்.

நான் நினைத்தது இவ்வளவுதான். அவர்கள் போகும் வழியில் முதல் பாதி முழுக்கச் சமவெளி. கோடு போட்ட மாதிரி ரோடு, இரண்டு பக்கமும் கோதுமை. ஆகஸ்ட் வெயிலில், அவ்வளவு பாரத்தோடு ஓடினால் டயர் சூடேறி அங்கேயே எங்காவது வெடிக்கும். வண்டி ஒரு பக்கம் சாயும். அவன் கெட்டிக்காரன், மெதுவாக ஓரம் கட்டுவான். எனக்கு போன் பண்ணுவான். நான் பழைய சக்கரங்களை எடுத்துக்கொண்டு போவேன். ட்ரெஸ்ஸா வயிற்றைப் பிடித்துக்கொண்டு ரோட்டோரம் நிற்பாள், பயந்திருப்பாள். இந்த வருஷம் வேண்டாம், குழந்தை பிறக்கட்டும் என்று அவளே சொல்லுவாள். வழியில் எங்காவது உட்கார்ந்து மூன்று பேரும் ஆளுக்கொரு துண்டு கேக் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்புவோம். அடுத்த வருஷம் வருகிறபோது பார்த்துக்கொள்ளலாம்.

அந்தப் பழைய நாலு சக்கரத்தையும் துடைத்து, காற்றடித்து, என் வண்டியில் ஏற்றி வைத்திருந்தேன். அவன் கிளம்புவதற்கு முதல் நாளே ஏற்றிவிட்டேன். நீங்கள் அதைப் பார்த்தீர்கள். முறைப்படி தகவல் சொல்ல வீட்டுக்கு வந்தபோது, மகன் நினைவாக வைத்திருக்கிறேன் என்று நினைத்து என் தோளைத் தட்டினீர்கள்.

எங்கள் கடையில் ஒரு முறை உண்டு. புதிதாகச் சக்கரம் மாட்டினால் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டுத் திரும்பி வர வேண்டும். நட்டுகளை இரண்டாம் தடவை முடுக்கித் தருவோம். ஓட ஓட சக்கரம் தன் இடத்தில் உட்காரும், நட்டு இளகும். இரண்டாம் முடுக்கு இல்லாமல் என் கடை வண்டி எதுவும் ஊரைத் தாண்டியதில்லை. டெவ்லின் அதற்காகத்தான் கிளம்பும் அன்று காலையில் வந்தான். டிரெய்லரில் சாமான், டிராக்டர், மார்வாவின் தையல் மிஷின் எல்லாம் கட்டியாகிவிட்டது. ட்ரெஸ்ஸா தன் காரில் பின்னால் நின்றாள். நேரமாகிறது என்று அவன் போயிருக்கலாம். அப்படிப் போகிறவனாக நான் வளர்க்கவில்லை.

அவன் உள்ளே காபி ஊற்றப் போனான். நான் குனிந்து ஒவ்வொரு நட்டாக முடுக்கினேன். ஒன்றும் இளகவில்லை. பிறகு டயரைக் கையால் அழுத்திப் பார்த்தேன். கல் மாதிரி இருந்தது. இப்படியே போனால் சமவெளியைத் தாண்டிவிடும், மலைக்குப் போய்விடும் என்று பட்டது. மலையில் வெடிக்கக் கூடாது. அவன் நல்லதுக்காகத்தான் நினைத்தேன். வலது பக்க வால்வு மூடியைத் திருகி, காற்றைக் கொஞ்சம் திறந்துவிட்டேன். காற்று குறைந்தால் டயர் சீக்கிரம் சூடேறி, சமவெளியிலேயே போய்விடும்.

“என்னப்பா, சத்தம் கேக்குது? லீக்கா?” என்று உள்ளிருந்து கேட்டான்.

“இல்லடா. சும்மா பாக்குறேன்.”

மூடியைப் போட்டு எழுந்தேன். அவன் இரண்டு கோப்பையோடு வெளியே வந்தான். என் முகத்தைப் பார்க்காமல், ரோட்டைப் பார்த்துக்கொண்டே பேசினான். எங்கள் வீட்டில் முக்கியமானதை அப்படித்தான் பேசுவோம்.

“அப்பா, அந்த வீட்ல கீழ ஒரு ரூம் இருக்கு. படி ஏற வேண்டாம். ட்ரெஸ்ஸா உங்களுக்குன்னுதான் அதைப் பாத்தா. எப்படிச் சொல்றதுன்னு தெரியாம இவ்ளோ நாள் இழுத்துட்டேன். நவம்பர்ல வந்து கூட்டிட்டுப் போறேன். வரமாட்டேன்னு மட்டும் சொல்லிடாதீங்க.”

காபி சூடாக இருக்கிறது என்றேன். அவன் சிரித்தான். அவனுக்கு அது போதும். என்னைத் தெரிந்தவன்.

இங்கேதான் நீங்கள் கேட்பீர்கள். காற்றடிக்கும் குழாய் கைக்கெட்டும் தூரத்தில் சுவரில் தொங்கியது. கனத்த டயர் இரண்டும் அலமாரியில் இருந்தன. மதியத்துக்குள் மாற்றி அனுப்பியிருக்கலாம். நினைக்காமல் இல்லை. ஆனால் எங்கள் கம்ப்ரசர் பழசு, போட்டால் கடையே அதிரும். ஏன் காற்றடிக்கிறீர்கள் என்று கேட்பான். நன்றாக இருந்த டயரில் காற்று ஏன் குறைந்தது என்று அடுத்த கேள்வி வரும். என்னோடு வாங்க என்று அப்போதுதான் கேட்டவனிடம் அதற்கு நான் என்ன பதில் சொல்லட்டும்? சமவெளியில்தானே, ஒரு மணி நேரத் தொல்லைதானே என்று இருந்துவிட்டேன். வண்டியைத் தட்டி, “மெதுவா போடா” என்றேன்.

அவன் மெதுவாகப் போனான். அதுதான் என் கணக்கில் இல்லை. பாரம் ஏற்றினால் நிதானமாகப் போ, நடுவில் நிறுத்தி நிறுத்திப் போ என்று சின்ன வயசிலிருந்து சொல்லிக்கொடுத்தவன் நான். அவள் பிள்ளைத்தாய்ச்சி வேறு. ஊர் ஊராக நின்று, நிழல் பார்த்து நிறுத்தி, டயரைச் சூடேறவே விடாமல் சமவெளி முழுக்கக் கடந்துவிட்டான். கணவாயில் ஏறி, இறக்கத்தில், அந்த வளைவில்தான் வலது டயர் போனது. பழைய மாதிரி இரண்டு இருந்தால் ஒன்று போனாலும் மற்றது தாங்கியிருக்கும். ட்ரெஸ்ஸா பின்னாலேயே வந்துகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் பார்த்தாள்.

உங்கள் அறிக்கையில் பாரம் அளவுக்குள் இருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். கதவோரத் தகட்டில் கம்பெனி போட்டிருக்கிற எடையைப் பார்த்து எழுதியிருப்பீர்கள். அது இரட்டைச் சக்கரத்துக்கான எடை. அந்தத் தகடு அப்படியே இருக்கும், யாரும் மாற்ற மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். உங்கள் மேல் தப்பில்லை.

நான் காலையிலிருந்து போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். தொப்பி தலையில், சாவி கையில். மாலையில் மணி அடித்தது. ட்ரெஸ்ஸா நம்பர். அவள் வாயைத் திறக்கும் முன்பே நான் சொல்லிவிட்டேன்.

“எங்கம்மா நிக்கிறீங்க? இதோ கிளம்பிட்டேன்.”

அவள் அழுதாள். அந்த அழுகையை இனி நான் சாகிறவரை கேட்பேன். பிறகு வந்தவர்கள் போனவர்களிடமெல்லாம் இதைச் சொன்னாள். நான் சொல்லும் முன்பே மாமாவுக்குத் தெரிந்துவிட்டது என்று. அடக்கத்தன்று பாதிரியாரும் அதையே எடுத்துப் பேசினார். பெற்ற மனசுக்கு முன்கூட்டியே தெரியும் என்றார். கோயில் முழுக்க அழுதது. நானும் அழுதேன். அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லையே.

அப்படியே விட்டிருப்பேன். நேற்று ட்ரெஸ்ஸா சாப்பாடு கொண்டு வந்தாள். அவள் ஒரேகான் போகவில்லை, டெவ்லினை வைத்த இடத்தை விட்டுப் போக மனசில்லையாம். என் கையை எடுத்துத் தன் வயிற்றில் வைத்தாள். பையனாம். “உங்க பேரத்தான் வைக்கப் போறேன், மாமா. அவர் கடைசியா என்கிட்ட சொன்னது அதுதான்” என்றாள். உள்ளே அது உதைத்தது. கையை எடுக்கவும் முடியவில்லை, வைத்திருக்கவும் முடியவில்லை.

அதனால்தான் வந்தேன். டெவ்லினைக் கொன்றது நான். அந்தப் பிள்ளைக்கு வேறு பெயர் வைக்கச் சொல்லுங்கள், என்னால் அவளிடம் சொல்ல முடியாது. கையெழுத்து எங்கே போடுவது என்று காட்டுங்கள். ஆனால் நட்டு எல்லாம் சரியாக முடுக்கியிருந்தது என்பதையும் சேர்த்து எழுதிவிடுங்கள், ஹால்வர்சன். பிள்ளை உயிர் விஷயத்தில் நான் அசட்டையாக இருந்தேன் என்று நாளைக்கு யாரும் சொல்லிவிடக் கூடாது.